மாட்டுக்கும் எனக்கும் ஒரே 280 நாள்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

கால்நடை மருத்துவப் படிப்பில் இப்போது பெண்கள் அதிகமாகச் சேர்கிறார்கள் என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் படித்தேன். சந்தோஷம். எங்கள் வகுப்பிலும் பாதிக்கு மேல் பெண்கள்தான். சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்றும் யாராவது எழுத வேண்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன். இரவு டூட்டி முடிந்து வந்து தூக்கம் பிடிக்காமல் எழுதுவது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் கணவரும் ஒரே கல்லூரியில் எம்.வி.எஸ்சி., அதாவது கால்நடை மருத்துவ முதுநிலை, படிக்கிறோம். இரண்டு வருடப் படிப்பு. அவர் அறுவை சிகிச்சை, நான் மகப்பேறு, அதாவது மாடு, ஆடு, நாய் என்று எது வந்தாலும் பிரசவம் பார்க்கிற துறை. போன வருடம்தான் கல்யாணம் ஆனது. வாடகைக்கு ஒரே ஓர் அறை, ஒரு ஸ்கூட்டர். காலையில் நான் இரவு டூட்டி முடித்து வரும்போது அவர் ஓ.பி.க்குக் கிளம்புவார், வாசலில் வண்டிச் சாவி கை மாறும், கூடவே "சாதம் இருக்கு, மோர் இல்லை" என்று ஒரு வரி. பல நாள் எங்கள் குடும்பப் பேச்சு அவ்வளவுதான். துணி துவைக்க இரண்டு வாளி வைத்திருக்கிறோம், ஆஸ்பத்திரித் துணி வீட்டுத் துணியோடு சேரக் கூடாது. அப்படியும் என் கையில் சாண வாசம் போகாது, அவர் மேல் அயோடின் வாசம்.

தலைப்பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போகவில்லை. ஏன் என்று நகரத்துக்காரர்களுக்குப் புரியாது, சொல்கிறேன். மாட்டுப் பொங்கலன்று ஆசையாசையாகச் சர்க்கரைப் பொங்கலும் சோறும் பழமுமாக அள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள். புல்லும் வைக்கோலும் செரிக்கிற வயிற்றில் திடீரென்று இவ்வளவு மாவுச்சத்து போனால் உள்ளே அமிலம் ஏறி, மாடு அசை போடாமல் நின்று, கழிந்து, கடைசியில் படுத்துவிடும். அடுத்த நாள் வரிசையாக வண்டிகள் வரும். சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுவது, சலைன் ஏற்றுவது, அதற்கும் கேட்காவிட்டால் வயிற்றைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுப்பது. திறந்தால் சோறு மட்டுமா வருகிறது, பாலித்தீன் பைகளும் வரும். அந்த இரண்டு நாளும் அவர் அங்கேயே இருந்தார். நானும் அங்கேயேதான், அப்போது எனக்கு நான்காவது மாதம்.

இப்போது ஏழு. பசுவுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள், எனக்கும் டாக்டர் கடைசி மாதவிலக்குத் தேதியிலிருந்து 280 நாள் எண்ணித்தான் கொடுத்திருக்கிறார். எருமை என்றால் 310, ஆடு 150, நாய் 63. எல்லாக் கணக்கும் எனக்கு மனப்பாடம். ஆனால் என் வயிற்றில் இருப்பதற்கு எங்கள் துறையில் என்ன விதி என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எழுதி வைத்த விதி எதுவும் கிடையாது.

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். பசுவைப் பருவத்துக்குக் கொண்டுவர நாங்கள் தினமும் போடுகிற புரோஸ்டாகிளாண்டின் ஊசி மருந்து தோலில் பட்டாலே உடம்புக்குள் போகும், கருப்பையைச் சுருங்க வைக்கும். கர்ப்பிணிகள் கையாளக் கூடாது என்று மருந்தோடு வரும் சீட்டிலேயே போட்டிருப்பார்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது நாயைப் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் மாணவர்கள்தான் பிடிக்கிறோம். எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் கன்று வீச்சு நோய், புருசெல்லோசிஸ். சினை முற்றும் நேரத்தில் பசு கன்றை வீசிவிடும், அதாவது கரு கலைந்துவிடும், அந்தக் கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும், வெறும் கையால் தொட்டால் மனிதருக்கும் வரும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் அலைக்கழிக்கும். கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலையலாம். 2019-ல் மத்திய அரசு தொடங்கிய நோய்த் தடுப்புத் திட்டத்தில் கோமாரியோடு இந்த நோயையும் சேர்த்து, 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அந்த ஊசி மருந்தில் இருப்பதும் உயிருள்ள கிருமி, தவறி நம் கையில் குத்தினாலே நமக்கு நோய் வரலாம்.

போன மாதம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெரியவர் குட்டியானை வண்டியில் பசுவை ஏற்றிக்கொண்டு வந்தார். ஏழாம் மாதத்தில் கன்றை வீசி இரண்டு நாள் ஆகிறது, இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழவில்லை, ஊரில் யாரோ சொன்னார்கள் என்று தொங்குகிற கொடியில் பழைய செருப்பைக் கட்டி விட்டிருந்தார்கள். நாற்றம் வாசல் கேட் வரை வந்தது. டூட்டியில் நானும் இளநிலை இன்டர்ன் பையன் ஒருவனும்தான். கை விட்டு உரித்து எடுப்பது நல்லதல்ல என்றுதான் இப்போது பாடம் சொல்கிறது, ஆனாலும் மாட்டுக்குக் காய்ச்சல், உள்ளே பார்க்காமல் முடியாது. அந்தப் பையன் இதுவரை பார்த்தது இல்லை, நடுங்கினான். நான் தோள் வரைக்கும் வருகிற உறையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் சட்டென்று குறுக்கே வந்து நின்றார்.

"ஏ தாயி, நீயே வாயும் வயிறுமா இருக்க, இதுல போய்க் கை வைக்கிறியே, உனக்கு வேற ஆளே இல்லையா?"

கல்லூரியில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டது இல்லை.

என் கணவருக்குப் போன் போட்டேன். அடுத்த கட்டடத்தில் வண்டியில் அடிபட்ட நாய் ஒன்றுக்கு உதவியாக நின்றிருந்தார், அரை மணி நேரம் கழித்து வந்தார், இரண்டு உறையும் முகக்கவசமும் மாட்டி அவரே பார்த்தார். நான் பத்தடி தள்ளி நின்று சொல்லச் சொல்ல அவர் செய்தார். அறுவை சிகிச்சைக்காரருக்கு மகப்பேறு சொல்லிக்கொடுப்பது பெரும்பாடு, அது வேறு கதை. பசுவின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். புருசெல்லோசிஸ்தான். எங்கள் இருவர் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு முடிவு வரும் வரை சாப்பாடு இறங்கவில்லை. எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிடுங்கள் என்றார்கள், அதுவும் பார்த்தோம்.

என் பேராசிரியர் நல்லவர். விஷயம் சொன்ன அன்றே என்னை நாய்ப் பிரிவுக்கு மாற்றினார். ஆனால் அவர் விடுப்பில் இருந்தபோது பட்டியல் போட்டவருக்கு இது தெரியாது, அவரைக் குறை சொல்லவும் முடியாது. டூட்டி லிஸ்ட் முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும், அதற்கு மேல் யாரைக் கூப்பிட்டு மாற்றுவது? தோழிகள் எனக்காக மாற்றி நின்றிருக்கிறார்கள். அவர்களும் எத்தனை நாள்தான் நிற்பார்கள், அவர்களுக்கும் ஆய்வு இருக்கிறது, அப்புறம் எனக்குக் கேஸ் கணக்கு குறைகிறது.

தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். நாளைக்கே நான் அரசு கால்நடை உதவி மருத்துவர் ஆனால் எனக்கும் அது உண்டு. இன்றைக்கு அதே மாட்டுக்கு அதே வைத்தியம் பார்க்கிற நான் மாணவி. அதே 2021 டிசம்பரில் யு.ஜி.சி.யும் மாணவிகளுக்கான மகப்பேறு விடுப்புக்கு விதி வகுக்கச் சொல்லி பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. ஆனால் நான் இங்கே கேட்பது விடுப்பு இல்லை, போனால் ஒரு செமஸ்டர் போய்விடும். கர்ப்பம் என்று ஒரு மாணவி எழுதிக் கொடுத்த நாளிலிருந்து கன்று வீசிய கேஸ், கொடி விழாத கேஸ், அந்த ஊசி, எக்ஸ்ரே இவற்றில் அவளைப் போடக் கூடாது, வருகைப் பதிவிலும் கேஸ் கணக்கிலும் கை வைக்கக் கூடாது, இதை ஒரு தாளில் அடித்து டூட்டி ரூமில் ஒட்ட வேண்டும். அப்புறம் டூட்டி லிஸ்ட்டை ஒரு வாரம் முன்னால் கொடுங்கள். இதற்குப் பணம்கூட வேண்டாமே.

வரும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வளைகாப்பு. பிரசவம் ஆகும் வரை வளையலைக் கழற்றக் கூடாது என்கிறார் அத்தை. கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு எந்த மாட்டுக்கு நான் சினை பார்ப்பது? திங்கட்கிழமை டூட்டி உண்டா இல்லையா என்று எனக்கே இன்னும் தெரியாது, லிஸ்ட் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத்தான் வரும். அவருக்கு ஞாயிறு டூட்டி வந்துவிடுமோ என்று அத்தைக்கு வேறு கவலை.

பெயரையும் ஊரையும் தயவுசெய்து போட வேண்டாம். கால்நடைக் கல்லூரியில் கணவன் மனைவியாகப் படிக்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறோம், சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு முதுநிலை மாணவி