கீபோர்டு மூடியிருந்த பெரிய வெள்ளி

செண்பகனூர்,
கொடைக்கானல்.

அன்பு நண்பனுக்கு,

தவக்காலத் தொடக்கத்தில், நம் காலத்துக் கிறிஸ்தவப் பாடகர் குழு இசைப் பதிவுகளைச் சேர்த்து நீ அனுப்பிய பென் டிரைவ் கைக்கு வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு பதிவையும் குறைந்தது மூன்று முறையாவது கேட்ட பிறகே உனக்கு எழுதுவது என்று இருந்ததால்தான் இவ்வளவு தாமதம். பகலில் இங்கே எதையும் கேட்க முடிவதில்லை. சீசன் தொடங்கிவிட்டது, வத்தலக்குண்டுச் சாலையில் ஏறும் வண்டிகளின் ஹாரன் சத்தம் அடுப்படி வரை வருகிறது. ஆகவே இரவு ஒன்பதரைக்கு மேல், மூடுபனி இறங்கிச் சாலை அடங்கி, உன் மதினியும் ஜெபமாலை முடித்துப் படுத்த பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சன்னலோரம் உட்காருவது வழக்கமாகிவிட்டது.

முதலில் கேட்டது போலந்து நாட்டு இசையமைப்பாளர் குரெட்ஸ்கியின் ‘மிசெரேரே’. சிகாகோ பாடகர்கள் பாடி 1994இல் வெளிவந்த அந்தப் பதிவைத் தொடங்கியபோது, கோப்பு பழுதாகிவிட்டதோ என்று எண்ணி ஒலியைக் கூட்டினேன். அவ்வளவு தாழ்வாகப் பேஸ் என்னும் ஆண்களின் கீழ்க்குரல்கள் எங்கோ நிலத்தடியிலிருந்து தொடங்குகின்றன. பிறகு ஒரு குரல்வரிசையின்மேல் இன்னொன்றாக ஏறி, எட்டு வரிசைகளும் சேர்ந்து நிற்கும்போது நான் கூட்டிவைத்த ஒலியை அவசரமாகக் குறைக்க வேண்டியதாயிற்று. வாத்தியம் எதுவும் இல்லை. ஏறத்தாழ முப்பத்தைந்து நிமிட இசைக்கு மொத்தமே ஐந்து லத்தீன் சொற்கள். அவற்றிலும், ‘எங்கள் ஆண்டவராகிய கடவுளே’ என்னும் பொருள்படும் மூன்று சொற்களையே கிட்டத்தட்ட முழு நேரமும் பாடிவிட்டு, ‘எங்கள்மேல் இரக்கமாயிரும்’ என்பதைக் கடைசிப் பகுதியில்தான் அவர் வாய்திறந்து கேட்கிறார். 1981இல் பிட்கோஷ்ச் நகரில் சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தினர் காவல்துறையால் தாக்கப்பட்டதைக் கேள்விப்பட்டு எழுதியது இது. அதே ஆண்டு டிசம்பரில் அந்நாட்டில் இராணுவச் சட்டம் வந்துவிட்டதால், 1987இல்தான் மக்கள் முன்னிலையில் பாடப்பட்டது. அடிபட்டவர்களுக்காகப் பேச வந்தவர் அரை மணி நேரம் ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், எதையும் கேட்காமல். அந்தக் கேட்காமையில் என்ன பாரம் இருக்கிறது என்பதை, அந்த இரக்க மன்றாட்டு வந்து சேர்ந்தபோதுதான் உணர்ந்தேன். நம் பங்குக் கோவிலில் ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது; அதற்குள்ளும் கீபோர்டிலிருந்து தபலா ஓடிக்கொண்டிருக்கிறது.

எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் எழுதிய ‘பெர்லின் திருப்பலி’யைப் பற்றி நீ கேட்டிருந்தாய். அவர் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர் என்றாலும், 1990இல் பெர்லினில் நடந்த கத்தோலிக்க மாநாட்டுக்காக நம் திருப்பலியின் லத்தீன் பாடங்களுக்கே அதை எழுதியிருக்கிறார் என்பதால் நம் வரிசையில் வைத்துப் பேசுவதில் தவறில்லை. 1976இலிருந்து அவர் கையாண்டுவரும் முறையை நம் சொற்களில் சொல்வதென்றால், ஒரு குரல் சுரவரிசையில் படிப்படியாக நடக்கிறது. கூடவே வரும் இன்னொரு குரல் ஸ, க, ப என்ற மூன்று நிலைகளை விட்டு நகர்வதே இல்லை. நடப்பவனும் நிற்பவனும் சேர்ந்து பாடுவது போன்றது அது. தம்பூராவோடு வளர்ந்த காதுக்கு இது அயலாகப் படவில்லை. எஸ்தோனியப் பாடகர் குழு 1993இல் பின்லாந்தின் லோஹ்யா என்ற ஊரில் ஓர் இடைக்காலக் கற்கோவிலில் இதைப் பதிவு செய்திருக்கிறது. பாடல் நின்ற பிறகும் அந்தக் கற்சுவர்கள் சிறிது நேரம் பாடிக்கொண்டிருக்கின்றன. பதிவு செய்தவர்கள் அதை வெட்டாமல் அடங்கும் வரை விட்டுவைத்திருக்கிறார்கள். நம் ஊரில் கேசட் காலத்திலிருந்து வெளிவரும் பக்திப்பாடல் தொகுப்புகளில் ஒரு பாடல் முடிவதற்குள் அடுத்த பாடலின் முன்னிசை வந்து மோதுவதை நினைத்துக்கொண்டேன். கோவிலைப் பதிவிலிருந்து அகற்றிவிட்டுப் பாடலை மட்டும் எடுத்துக்கொள்வதாக நாம் நினைக்கிறோம்; ஆனால் கோவிலோடு சேர்ந்து பாடலில் ஒரு பங்கும் போய்விடுகிறது.

உனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்க இசையமைப்பாளர் லாரிட்சனின் கிறிஸ்து பிறப்புப் பாடல் என்று எழுதியிருந்தாய். இதில் உன்னோடு முழுதும் உடன்பட என்னால் இயலவில்லை. 1994இல் லாஸ் ஏஞ்சலஸ் பாடகர் குழுவுக்காக எழுதப்பட்ட அதன் அழகை மறுக்கவில்லை. ஆனால் அந்த இனிமை என்னைத் தட்டி எழுப்புவதற்கு மாறாக மடியில் கிடத்திவிடுகிறது. ஓர் இடம் மட்டும் விலக்கு. கன்னி என்னும் லத்தீன் சொல் வரும்போது ஆல்டோ என்னும் பெண்களின் தாழ்ந்த குரல்கள் தொடும் ஒரு சுரம், பாடலின் அடிப்படைச் சுரவரிசைக்கு அயலானது. மாட்டுத்தொழுவத்தின் மகிழ்ச்சிக்கு நடுவே, சிமியோன் முன்னுரைத்த, பின்னால் வரப்போகும் துயரத்தின் வாள் அந்தத் தாயின் நெஞ்சில் அப்போதே ஒரு கணம் உரசிச் செல்வது போல அது கேட்கிறது. முழுப் பாடலையும் அந்த ஒரு சுரத்துக்காக மன்னித்துவிடலாம் என்றுகூட மூன்றாம் முறை கேட்டபோது தோன்றியது.

இனி, நான் உண்மையில் எழுத உட்கார்ந்த செய்திக்கு வருகிறேன். ஸ்காட்லாந்துக் கத்தோலிக்கரான ஜேம்ஸ் மெக்மில்லன் 1993இல் எழுதிய ‘சிலுவையிலிருந்து இறுதி ஏழு வார்த்தைகள்’ என்னை இந்தத் தவக்காலம் முழுவதும் விடவில்லை. நீ அனுப்பியிருந்தது பாலிபோனி குழு ஸ்டீபன் லேட்டன் தலைமையில் நரம்பிசைக் குழுவோடு பாடிய பதிவு. முக்கால் மணி நேரம். இரண்டாம் வார்த்தையில் ‘அம்மா, இதோ உம் மகன்’ என்ற சொற்களையே பாடகர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒரு முறைக்கும் மறு முறைக்கும் நடுவே விழும் மௌனத்தில், பதில் சொல்ல முடியாமல் நிற்கும் ஒரு தாயை நான் கண்டேன். மூன்றாம் வார்த்தை தொடங்குவதோ இயேசுவின் சொற்களோடு அல்ல. பெரிய வெள்ளியன்று சிலுவையைத் திரைநீக்கிக் காட்டும்போது நம் சாமியார் மூன்று முறை ஒவ்வொரு முறையும் சற்று உயர்த்திப் பாடுவாரே, ‘திருச்சிலுவை மரம் இதோ’ என்று, அந்தப் பாடத்தின் லத்தீன் வடிவத்தோடுதான். முதலில் பேஸ், பிறகு ஆண்களின் மேல்குரலான டெனர், பிறகு ஆல்டோ என்று அது குரல்குரலாக ஏறிக்கொண்டே போகிறது. இயேசுவோடு சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனுக்கு வாக்களிக்கப்பட்ட பேரின்ப வீட்டின் வார்த்தையை, கடைசியில் மிக உயரத்தில் பெண்களின் மேல்குரலான சோப்ரானோ குரல்கள் இரண்டு மட்டும் பாடுகின்றன. சிறு வயதிலிருந்து எத்தனையோ பெரிய வெள்ளிகளில் முழந்தாளிட்டுக் கேட்ட அந்த மூன்று படிகள் எதற்காக ஏறுகின்றன என்பது இந்த வயதில்தான் எனக்குப் புரிந்தது.

ஏழாம் வார்த்தையில் ‘தந்தையே’ என்று மூன்று முறை கதறிவிட்டுப் பாடகர்கள் மெல்ல ஒப்புக்கொடுத்து அடங்கிவிடுகிறார்கள். அதன்பின் நெடுநேரம் நரம்பிசைக் கருவிகள் மட்டுமே. அவற்றில் கேட்பது ஸ்காட்லாந்து மக்களின் பழைய ஒப்பாரி. அதைக் கேட்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனென்றால், அந்த அழுகை எனக்கு முன்பே பழக்கமானது. உனக்கும் நினைவிருக்கும்: நம் சிறு வயதில் தவக்கால வெள்ளிகளில் பெரியவர்கள் வியாகுலப் பிரசங்கத்தை இராகம் போட்டு வாசிப்பார்கள்; கோவாவிலிருந்து இலங்கைக்குப் போய்ப் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி தமிழில் எழுதிய நூல் அது. சாவு வீட்டில் நம் பெண்கள் மாரடித்துப் பாடும் மெட்டுக்கு மிக அருகில் நிற்கும் அந்த வாசிப்பைப் பழையது, நாட்டுப்புறத்தனமானது என்று நாமே, இளைஞர் குழுவில் இருந்த காலத்தில், ஒதுக்கிவைத்தோம். தம் மக்களின் அழுகையைக் கொண்டுவந்து சிலுவையடியில் வைக்க ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்கு வெட்கம் இல்லை, நமக்கு இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போப் பதினாறாம் பெனடிக்ட் 2010இல் பிரிட்டன் சென்றபோது பொதுமக்கள் பாடுவதற்கான திருப்பலி இசையை எழுதியவரும் இதே மெக்மில்லன்தான். கிளாஸ்கோவில் ஒரு சாதாரணப் பங்கில் பயிற்சியற்ற பாடகர்களை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள், வாசகத்துக்குப் பின் மக்கள் பாடும் பதிலுரைப் பாடல்களுக்கு வாராவாரம் மெட்டமைத்தவர் அவர். இது எனக்குப் பெரிய துணிவைக் கொடுத்தது. நம் குழுவிலும் பதினான்கு பேர்தான். இருவருக்குத்தான் நொட்டேஷன் படிக்கத் தெரியும்.

எனவே இந்த ஆண்டு பெரிய வெள்ளிக்குக் கீபோர்டைத் திறப்பதில்லை என்று பங்குத்தந்தையிடம் கேட்டு முடிவு செய்தோம். பெரிய வியாழனன்று ‘உன்னதங்களிலே’ என்னும் வானவர் கீதம் முடிந்ததிலிருந்து, உயிர்ப்பு விழாவின் பாஸ்கா இரவில் பாடும் வானவர் கீதம் வரை இசைக்கருவிகள் பாடலைத் தாங்க மட்டுமே பயன்பட வேண்டும் என்று திருவழிபாட்டு விதியே சொல்கிறது. மணியையே நிறுத்திவிட்டு மரக்கட்டையைத் தட்டும் நாளில் ரிதம் பெட்டிக்கு என்ன வேலை என்று நான் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. கீபோர்டு வாசிக்கும் தம்பி, கல்லூரியில் படிப்பவன், முகம் வாடிப்போனான். அவனுக்கு நல்ல காது இருக்கிறது. ஆகையால் பேஸ் வரிசைக்கு அவனையே பொறுப்பாக்கினேன். குழுவில் மூத்தவரான ஒரு பெரியம்மா, தம் தகப்பனாரிடம் கேட்டுப் பழகிய வியாகுலப் பிரசங்க மெட்டை இன்னும் மறக்காமல் வைத்திருந்தார். மக்கள் வந்து சிலுவையை முத்தமிடும் சிலுவை முத்தியின்போது அவர் ஒரு பகுதியை வாசிக்க, ஆண்கள் வாய்மூடி ஸ-வையும் பெண்கள் ப-வையும் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு பத்திக்குப் பின்னும் பத்து எண்ணும் வரை யாரும் எதுவும் பாடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அந்தப் பத்து எண்ணிக்கைதான் பயிற்சியில் எல்லாருக்கும் மிகக் கடினமாக இருந்தது.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுத மாட்டேன். ஆண்களின் சுதி சிறிது சிறிதாக இறங்கி, மூன்றாம் பத்திக்குள் அரைச் சுரம் கீழே போய்விட்டது. பெரியம்மா எங்களுக்காகத் தம் குரலை இறக்கிக்கொண்டு சமாளித்தார். வெளியே வந்ததும், பாட்டே இல்லாமல் வழிபாட்டை முடித்துவிட்டீர்களே என்று இரண்டு பேர் குறைபட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்த முதல் மௌனத்தில், கோவிலின் பின்வரிசையில் வயதான பெண்கள் சிலர் தாமாகவே அந்த மெட்டை முணுமுணுக்கத் தொடங்கியது என் காதில் விழுந்தது. ஒருவரும் அவர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. எத்தனை ஆண்டுகளாக அதை உள்ளேயே வைத்திருந்தார்களோ!

அதை என் மகன் செல்பேசியில் பதிவு செய்தான். இந்தக் கடிதத்தோடு அனுப்பலாம் என்று எடுத்துக் கேட்டுப் பார்த்தேன், மனம் வரவில்லை. செல்பேசி தானாகவே மெல்லிய ஒலியை உயர்த்தி உரத்த ஒலியை அமுக்கிவிடுகிறது. ஆகவே பெரியம்மாவின் குரல் ஏறும் இடங்களெல்லாம் சமமாகிப்போய், நாங்கள் கட்டிக்காத்த மௌனத்தில் மட்டும் மின்விசிறியின் சத்தமும் இருமலும் பெருகிக் கேட்கின்றன. பின்வரிசை முணுமுணுப்பு இருமலோடு கலந்து கரைந்துவிட்டது. லோஹ்யாவில் மைக் வைத்தவர்களின் அருமை அப்போதுதான் தெரிந்தது.

உன்னிடம் நல்ல ரெக்கார்டரும் இரண்டு மைக்கும் இருப்பதாகச் சொன்னாய் அல்லவா? ஆகஸ்டில் லாசலெத் மாதா திருவிழாவுக்கு எப்படியும் மலையேறுவாய். இந்த முறை அவற்றையும் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் முன்னதாக வா. திருவிழாக் கூட்டத்தில் பதிவு செய்ய இயலாது. ஆனால் பதின்மூன்றாம் தேதி மாலை, கோவிலைப் பூட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் தருவதாகப் பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார். பெரியம்மாவிடமும் பின்வரிசைப் பெண்களிடமும் நான் இப்போதே பேசிவைக்கிறேன். மின்விசிறிகளை நிறுத்திவிடலாம்; மழை பெய்தால் மட்டும் தகரக் கூரைச் சத்தத்துக்கு வழி எதுவும் இல்லை. மைக்கைப் பீடத்துக்கு அருகில் வைப்பதா, நடுவில் தூணோரம் வைப்பதா என்பதை நீ வந்து கைதட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பைச் சொல். உன் அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது. அவருக்கும் அந்த மெட்டு தெரிந்திருக்கும்; கேட்டுப் பார்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்