ஊருணிப் பணியும் ஏழையர் பணியும்: பங்குச் சங்கத்தின் 2025–2026 ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, அருட்சகோதரிகளே, அன்பியப் பொறுப்பாளர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் இயேசுவின் இனிய நாமத்தில் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நமது சங்கம் ஆற்றிய பணிகளை இப்பொதுக்குழுவின் முன் பணிவுடன் வைக்கிறேன்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 21 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார். 2015-இல் அவர் வழங்கிய ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலின் பத்தாம் ஆண்டு நிறைவு அடுத்த மாதமே வந்தது. நிலவுலகின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது அம்மடலின் உயிர்நாடி. பங்கின் சிறு குடும்பக் குழுக்களான அன்பியங்களின் கூட்டங்களில் அதனை வாசித்தபோது, பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று கூறும் 30-ஆம் எண்ணிலேயே நெடுநேரம் பேசினோம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இந்தச் செம்மண் பூமியில், நம் முன்னோர் ஊருணி வெட்டி, மழைநீர் வந்து சேர வரத்துக்கால் அமைத்து, குடிநீர் ஊருணியில் குளிக்கவோ துவைக்கவோ கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடும் வைத்துக் காத்தார்கள். அந்த ஊருணி கெட்டுப்போனால் வசதியுள்ளவர்கள் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்கிறார்கள். அன்றாடம் கூலிக்குப் போகும் குடும்பமோ, கிடைக்கும் கூலியில் ஒரு பங்கைத் தண்ணீருக்கே செலவழிக்க வேண்டியிருக்கிறது. எனவே ஊருணியைச் சீர்செய்வதையே இவ்வாண்டின் முதன்மையான ஏழையர் பணியாகச் செயற்குழு ஏற்றுக்கொண்டது.

ஊராட்சியின் அனுமதி பெற்று, ஊர்ப் பெரியவர்களையும் பள்ளிவாசல் ஜமாஅத்தாரையும் கலந்துகொண்டு, கோடையில் பணியைத் தொடங்கினோம். வரத்துக்கால் நெடுகச் சீமைக்கருவை மண்டிக் கிடந்தது. அதை அகற்றுவது எல்லோருக்கும் நன்மை என்று எண்ணிச் சென்ற இடத்தில், விறகு வெட்டிப் பிழைக்கும் ஒரு தாய் எங்களை நிறுத்திக் கேட்டார்: “இதையும் தோண்டிப் போட்டுட்டா நாங்க எதை வச்சு அய்யா அடுப்பெரிக்கிறது?” அவர் கேட்டது முற்றிலும் நியாயம். அப்பகுதியில் சில குடும்பங்களுக்கு அந்த விறகும், அதை மூட்டம் போட்டுச் சுட்டெடுக்கும் கரியும்தான் மழையில்லாக் காலத்து வருமானம். மரத்தைப் பகையாகக் காணும் நாம், அதை நம்பி வாழும் மனிதரை மறந்துவிடக் கூடாது. சுற்றுச்சூழல் நெருக்கடி ஒன்று, சமூக நெருக்கடி மற்றொன்று என்று இரண்டு இல்லை, இரண்டும் ஒரே நெருக்கடிதான் என்று அச்சுற்றுமடலின் 139-ஆம் எண் கூறுவதன் பொருளை எங்களுக்கு உணர்த்தியவர் அந்தத் தாயே என்று இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

அதன்பின் செயற்குழு கூடி முறையை மாற்றியது. வரத்துக்காலிலும் கரையிலும் உள்ள மரங்களை மட்டும் எடுப்பது, அவ்வேலையை அக்குடும்பங்களிடமே ஒப்படைத்து நாள் கூலி கொடுப்பது, விறகையும் அவர்களே எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. சீமைக்கருவை மேலோடு வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். நெற்றைத் தின்னும் ஆடுகளின் புழுக்கை வழியாகவும் பரவும். ஆகவே தூரோடு தோண்டி எடுக்கச் செய்தோம். ஞாயிறு தோறும் இளைஞர்கள் செய்த உழைப்பு தன்னார்வமானது. ஆயினும் ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய உலை கொதிக்காத வீட்டாரிடம் இலவச உழைப்பைக் கேட்பது நீதியாகாது என்ற சங்கத்தின் நிலைப்பாட்டை இனிவரும் பணிகளிலும் கடைப்பிடிக்க வேண்டுகிறேன். அள்ளிய வண்டலில் ஒரு பகுதி சிறு விவசாயிகளின் வயல்களுக்குச் சென்றது.

செப்டம்பர் 1 முதல் அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4 வரை, இறைவனின் படைப்பைப் பேணுவதற்காக மன்றாடும் ‘படைப்பின் காலத்தை’க் கடைப்பிடித்தோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக மறைக்கல்வி மாணவர்கள் ஊருணிக் கரையில் பனை விதைகளை ஊன்றினார்கள். ஆலயக் கூரையின் மழைநீர்க் குழாய்களில் அடைத்திருந்த சருகுகளை நீக்கி, நீர் கிணற்றுக்குப் போகும்படி செய்தோம். நம் பகுதியின் பழைய வீடுகளில் ஓட்டுச் சரிவுகளின் மழைநீரை முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த வழக்கத்தை மூத்தோர் சிலர் மாணவர்களுக்கு எடுத்துரைத்தது பயனுள்ளதாக இருந்தது. பங்குத் திருவிழா விருந்து வாழையிலையிலும் எவர்சில்வர் தம்ளரிலும் பரிமாறப்பட்டது. ஃப்ளெக்ஸ் பேனர்களும் இவ்வாண்டு வைக்கப்படவில்லை. அப்பணம் மருத்துவ உதவி நிதியில் சேர்க்கப்பட்டது.

ஏழையர் மீதான அன்பைக் குறித்துத் திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கிவைத்த ‘திலெக்சி தே’ ஊக்கவுரையைத் திருத்தந்தை 14-ஆம் லியோ நிறைவுசெய்து, 2025 அக்டோபர் 4 அன்று அதில் கையொப்பமிட்டார். நவம்பர் 16 அன்று வந்த ஏழையர் உலக நாளில் அதன் சில பகுதிகளைத் திருப்பலியில் வாசித்தோம். அன்றைய விருந்தில் உதவி பெறும் குடும்பங்களும் உறுப்பினர் குடும்பங்களும் ஒரே பந்தியில் அமர்ந்தன. தனித்து வாழும் முதியோருக்கு மாதந்தோறும் அரிசியும் மருந்தும் வழங்குவது வழக்கம்போல் தொடர்கிறது. அவர்களில் ஓரிருவர் தங்களுக்குக் கிடைத்த அரிசியில் ஒரு படியைத் தவக்கால உண்டியலோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தது எங்கள் அனைவரையும் நெகிழச் செய்தது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஊருணியின் கீழ்க்கரை மடை இன்னும் பழுதாகவே உள்ளது. வரத்துக்காலின் மேற்பகுதியில் தூர் எடுக்கும் பணியும் முடியவில்லை. இவ்விரு பணிகளையும் அடுத்த மழைக்கு முன் முடிக்கவும், கரி மூட்டம் போடும் குடும்பத்துப் பெண்களுக்கு நாற்றங்கால் வளர்ப்பில் பயிற்சியும் கூலியும் வழங்கவும் இப்பொதுக்குழு ஒப்புதல் அளித்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலர்