புளி போட்டு விளக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில், பரணில் கிடக்கும் பழைய சாமான்களை இணைய ஏலத்தில் விற்பது எப்படி என்று ஒரு கட்டுரை வந்தது. நல்ல கட்டுரை. ஆனால் பித்தளைச் சாமான் என்றால் படம் எடுப்பதற்கு முன்னால் புளி போட்டோ பாலிஷ் போட்டோ நன்றாக விளக்கிவிடுங்கள் என்று அதில் சொல்லியிருந்தது. குத்துவிளக்குக்கும் சொம்புக்கும் அது சரி. நான் வாங்கிச் சேர்க்கும் குட்டி நீராவி இன்ஜின்களுக்கு அதைவிடக் கெடுதல் வேறு கிடையாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பழங்காநத்தத்தில் முப்பத்தெட்டு வருடம் லேத் பட்டறை வைத்திருந்தவன். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர், மதுரை லோகோ ஷெட்டில் வேலை. மீட்டர் கேஜ் காலம், ஒய்.பி., ஒய்.ஜி. இன்ஜின்கள் ஓடிய காலம். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டு போவது என் வேலை. சூடான எண்ணெயும் ஆவியும் கலந்த அந்த வாசனை மூக்கிலேயே தங்கிவிட்டது. பட்டறையை மூடிய பிறகு அந்த வாசனையைத் தேடித்தான் இந்த இன்ஜின்களை வாங்கத் தொடங்கினேன்.

இவை பிள்ளைகளின் விளையாட்டுக்காகச் செய்தவை என்றாலும் நிஜமாகவே ஓடுபவை. ஒரு ஜாண் நீளத்தில் பித்தளை பாய்லர், அதன் அடியில் ஸ்பிரிட் விளக்கு, ஒரு சிலிண்டர், ஃப்ளைவீல் என்னும் கனத்த சுழல் சக்கரம் ஒன்று, அவ்வளவுதான். சின்ன ரகங்களில் சிலிண்டருக்குள் ஆவியைத் திறந்து மூடும் வால்வுகூட இருக்காது. சிலிண்டரே தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆடும். ஒரு பக்கம் ஆடும்போது அதிலுள்ள துளை ஆவி வரும் துளையோடு சேரும், மறுபக்கம் ஆடும்போது ஆவி வெளியேறும் துளையோடு சேரும். முதல் தடவை கையில் வைத்துப் பார்த்தபோது, இவ்வளவு சுருக்கமாக ஒருவன் யோசித்திருக்கிறானே என்று வெகுநேரம் அதையே ஆட்டிக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரத்து பிங், கோப்பிங்கனில் 1859-ல் தொடங்கிய மார்க்லின், இங்கிலாந்தில் மாலின்ஸ் என்பவர் 1937-ல் தொடங்கிய மாமோட் ஆகியவை இதில் பெயர் வாங்கிய கம்பெனிகள்.

நம் ஊரில் இவை சுலபமாகக் கிடைப்பதில்லை. அக்கா மகன் பர்மிங்காமில் இருக்கிறான். அவன் முகவரிக்கு வரவழைத்து, அவன் இங்கே அனுப்புவான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஏலத்தில் ஜெர்மன் இன்ஜின் ஒன்றைப் பார்த்தோம். 1910-ஆம் வருடத்தது என்று போட்டிருந்தார்கள். "மாமா, கண்ணாடி மாதிரி இருக்கு, இதையே எடுத்துருவோம்" என்றான். எனக்கும் ஆசைதான். அங்கே ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஏலம் முடியும். ஜனவரி மாதத்தில் அது நமக்குத் திங்கள் அதிகாலை ஒன்றரை மணி. எழுபது பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று மனசில் வைத்திருந்தேன். கடைசி நிமிடத்தில் யாரோ ஏற்ற, நான் ஏற்ற, நூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றது. அன்றிலிருந்து என் உச்ச விலையைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, கடைசி விநாடிகளில் ஒரே தடவைதான் கேட்கிறேன். முழு உச்ச விலையைச் சொன்னாலும் பயமில்லை. இரண்டாவதாகக் கேட்டவரின் தொகைக்கு ஒரு படி மேலே மட்டும்தான் ஏலத் தளம் எடுத்துக்கொள்ளும். தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போனால் எதிராளிக்கும் வெறி ஏறுகிறது, நமக்கும் ஏறுகிறது.

சுங்க வரியும் கட்டி, ஒரு மாதம் கழித்துப் பார்சல் வந்தது. ஒன்று சொல்ல வேண்டும், சாமான் விலையோடு தபால் செலவையும் சேர்த்துத்தான் வரி போடுகிறார்கள். வாங்குகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். சரி, பெட்டியைப் பிரித்ததும் பாலிஷ் நெடி. அடிப்பலகையைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு மூலையிலும் ஸ்டார் ஸ்குரூ. அந்த ஸ்குரூ 1930களில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. 1910-ல் செய்த இன்ஜினில் அது எப்படி இருக்கும்? யாரோ பின்னால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அப்புறம் பாய்லரில் தண்ணீர் நிரப்பி, கைப் பம்பை மாட்டி மெதுவாக அழுத்தினேன். எப்போதும் தண்ணீரை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். தண்ணீர் சுருங்காது, அதனால் உடைந்தாலும் ஆவி மாதிரிச் சிதறி அடிக்காது. கேஜ் முள் கொஞ்சம் நகர்ந்ததுமே பாய்லரின் மூடியை ஒட்டி வியர்வை மாதிரி ஐந்தாறு முத்து கோத்து நின்றது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மயிரிழை போல ஒரு விரிசல். அதன்மேல் ஈயப் பற்று வைத்து, பற்று தெரியாதபடி தேய்த்து மினுக்கியிருக்கிறார்கள். விற்றவருக்கு எழுதினேன். பழைய சாமான் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு வரியில் பதில். திருப்பி அனுப்பத் தபால் செலவு கட்டுபடியாகாது.

ஸ்பிரிட் விளக்குக்கு மேல் வைக்கும் பாத்திரம் இது, பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பது. உள்ளே தண்ணீர் இருக்கும் வரை ஈயப் பற்று தாங்கும். சாதாரண ஈயப் பற்று 183 டிகிரியை ஒட்டி உருகிவிடும், தண்ணீர் வற்றியபின் தீ எரிந்தால் அந்தச் சூடு வர நேரம் பிடிக்காது. விரிசலை மினுக்கி மறைப்பதை என்னால் வியாபாரத் தந்திரம் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த விரிசலே பாலிஷால் வந்திருக்கலாம் என்பது என் சந்தேகம். சில பித்தளைப் பாலிஷ்களில் அம்மோனியா கலந்திருக்கும். இழுத்தும் வளைத்தும் செய்த பித்தளைக்குள் ஓர் இறுக்கம் இருக்கிறது. அம்மோனியா பட்டால் அந்த இறுக்கமான இடம் பிளக்கும். இதைக் கண்டுபிடித்த கதையே நம் நாட்டோடு சேர்ந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது, பித்தளை உறைகள் தானாக விரிசல் விட்டுப் பிளந்தன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல்தான் விளக்கம் வந்தது. ஒரு பருவத்தில் வருவதால் அந்தப் பிளவுக்குப் பருவ விரிசல் என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் பெயர். புளி அந்தக் காரியம் செய்யாது. ஆனால் ஜெர்மன் பாய்லர்கள் பலவற்றில் ஏற்றியிருந்த நீல நிறம் புளியில் போய்விடும். கம்பெனி முத்திரை மேல்பூச்சில் இருந்தால் அதுவும் போகும். பிங் சாமானில் முதலில் ஜி.பி.என். என்றும் பிற்காலத்தில் பி.டபிள்யூ. என்றும் முத்திரை மாறும். வயசு சொல்வதே அதுதான். மேற்கு ஜெர்மனியில் செய்தது என்று அச்சிட்டிருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் அது 1949-க்கு முந்தியதாக இருக்காது.

அடுத்து வாங்கியது ஒரு மாமோட். விற்றவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. ஒன்பது படம் போட்டிருந்தார், அதில் மூன்று அடிப்பக்கத்தை மட்டும் காட்டின. விளக்கு எரிந்த இடத்தில் கரி, தீ பட்டுப் பெயின்ட் கொப்பளித்த இடம், ஒரு மூலையில் துரு, எல்லாம் அப்படியே தெரிந்தது. சிறுவனாக இருந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்தது என்று இரண்டு வரி எழுதியிருந்தார். நாற்பத்தாறு பவுண்டு. அதே பம்பை வைத்துச் சோதித்தேன், ஒரு சொட்டு கசியவில்லை. சேப்டி வால்வின் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினேன்.

அதை ஓட்டிய முதல் ஞாயிற்றுக்கிழமை இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் பாய்லரில் காரை பிடிக்கும். மொட்டைமாடியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரைத்தான் ஊற்றினேன். விளக்கை வைத்துச் சில நிமிடம் பொறுத்து, ஃப்ளைவீலை விரலால் ஒரு சுண்டு. இரண்டு மூன்று தடவை தண்ணீரைத் துப்பியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. சித்திரைப் பொருட்காட்சியில் தகரப் படகு வாங்கி வைத்திருந்த எதிர்வீட்டுப் பையன், அந்தப் படகும் இதுவும் ஒன்றுதானா என்று கேட்டான். இரண்டுமே ஆவியில் ஓடுபவைதான் என்று அரை மணி நேரம் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விற்கிறவர்களே, தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். அடிப்பக்கம், ஸ்குரூக்கள், பாய்லரின் இரண்டு மூடிகள், இவற்றைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். ஓடுமா ஓடாதா என்பதை எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். வாங்குகிறவர்கள் அடிப்பக்கத்துப் படம் வரும்வரை விலை கேட்க வேண்டாம்.

கடைசியாக, மதுரைக்காரர்களிடம் ஓர் உதவி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காயலான் கடையில், ஏதோ கல்லூரி ஆய்வகத்திலிருந்து எடைக்குப் போட்ட, நீராவி இன்ஜினின் மாதிரி வடிவம் ஒன்று கிடைத்தது. சிலிண்டரைப் பாதியாக வெட்டி உள்ளே வால்வு நகர்வதைக் காட்டும், மாணவர்களுக்காகச் செய்தது. பித்தளை விலைக்கே எடுத்தேன். ஆனால் பெயர்த்தகடு இல்லை. பித்தளைத் தகடு என்பதால் யாரோ கழற்றித் தனியாக விற்றிருக்கிறார்கள். மரப்பலகையில் அது இருந்த இடம் மட்டும் அழுக்கில்லாமல் செவ்வகமாகத் தெரிகிறது. நான்கு அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம், மூலைக்கு ஒரு துளை. அதை வாங்கி வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் உங்கள் பத்திரிகை மூலமாகத் தெரியப்படுத்தினால், கேட்கும் விலை தருகிறேன். விளக்க மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் பட்டறைக்காரர்,
பழங்காநத்தம், மதுரை.