பாட வந்த குருவியா, சண்டைக்கு வந்த குருவியா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், மரத்தில் உட்கார்ந்து பாடும் குருவிகளைப் படம் பிடிப்பது பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். லென்ஸ் பற்றியும் காலை வெளிச்சம் பற்றியும் சொன்னதெல்லாம் சரிதான். ஓரத்தில் இருந்த பெட்டிச் செய்திதான் உறுத்தியது. குருவி வெளியே வராவிட்டால் அதன் பாட்டை மொபைலில் ஓடவிடச் சொல்கிறது அது.

நானும் அதைச் செய்தவன்தான். பக்கத்து வீட்டு முருங்கையில் ஒரு குண்டுக்கரிச்சான் உண்டு. எங்கள் பாட்டி வண்ணாத்திக் குருவி என்பார். ஒரு மார்ச் மாதம் சின்ன ஸ்பீக்கரைச் சுவர்மேல் வைத்து அதன் பாட்டைப் போட்டேன். அரை நிமிடத்தில் வந்துவிட்டது. கைக்கெட்டும் தூரக் கிளையில் அலகை வானத்துக்கு நிமிர்த்தி, வாலை விரித்து, மார்பைப் புடைத்துக்கொண்டு இங்கும் அங்கும் குதித்தது. எண்பது படம் எடுத்திருப்பேன். இரவு கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது, எதிலும் பாடும் குருவி இல்லை. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று நம்பிச் சண்டைக்கு வந்த குருவிதான் இருந்தது. இல்லாத எதிரியைத் தேடி அது அலைந்த நேரமெல்லாம் இரை தேட வேண்டிய நேரம். அதுவும் பொந்தில் பெட்டை அடைகாக்கும் பருவம்.

ஒருவர் ஒருமுறை செய்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். கொடைக்கானல் பக்கம் சோலைக்காட்டுப் பாதைகளில் வார இறுதியில் நின்று பாருங்கள். ஒரு குழு போனதும் அடுத்த குழு, அதே திருப்பம், அதே பாட்டு. அங்கே பாடும் வெண்வயிற்றுச் சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, உண்மையில் சின்னக் குருவி) மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி உயரங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. 2017இல் அதற்கு வைத்த பேரினப் பெயரே ஷோலிகோலா, அதாவது சோலையில் வசிப்பது. மெர்லின் போன்ற செயலிகள் குரலைக் கேட்டு இன்ன குருவி என்று சொல்லிவிடுகின்றன. நல்லதுதான். ஆனால் பதிவான பாட்டும் அதிலேயே கிடைக்கிறது, விரல் சும்மா இருப்பதில்லை.

இத்தனைக்கும் ஸ்பீக்கருக்குத் தேவையே இல்லை. பாடும் ஆணுக்குப் பிடித்த கிளை என்று ஒன்றிரண்டு இருக்கும். பெரும்பாலும் உச்சியில் இலையில்லாத காய்ந்த கொம்பு, இல்லாவிட்டால் ஆன்டெனா. நாலு நாள் விடியலில் கவனித்தால் எது என்று தெரிந்துவிடும். அடுத்த வருடம் நான் அப்படித்தான் செய்தேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஆறு மணிக்கு முன்பே உட்கார்ந்துவிடுவேன். ஐந்தாம் நாள் அதுவாக வந்து உட்கார்ந்து இருபது நிமிடம் பாடியது. மாடியிலிருந்து பார்த்தால் குருவி கண்மட்டத்துக்கு வருகிறது, பின்னால் வெளுத்த வானத்துக்குப் பதில் தூரத்துத் தென்னை பச்சையாக விழுகிறது. தரையில் நின்று அண்ணாந்து எடுத்தால் கருநிழல்தான் மிஞ்சும், எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியை, ஒரு படி கூட்டியாக வேண்டும். இது கறுப்பும் வெள்ளையுமான குருவி வேறு. வெயில் ஏறிவிட்டால் இறக்கையின் வெள்ளைப் பட்டை வெந்துபோகும், கறுப்பில் ஓர் இறகும் தெரியாது. மேகமூட்டமான காலைதான் இதற்கு வாய்ப்பு. ஃபோகஸ் புள்ளியைச் சின்னதாக்கிக் கண்ணில் வைக்காவிட்டால் கேமரா முன்னால் நீட்டும் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். பாடும்போது தொண்டை துடிப்பதால் ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே இறங்கக் கூடாது. உங்கள் பெட்டியில் இதைப் போட்டிருக்கலாமே!

அப்புறம், அதே பக்கத்தில் அரசவால் ஈப்பிடிப்பான் என்ற பறவையின் கூட்டைக் காட்டும் படம். சுற்றி ஓர் இலைகூட இல்லை. அவை தானாக உதிர்ந்தவையா, படத்துக்காக ஒடிக்கப்பட்டவையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இலைகள்தான் குஞ்சுக்கு நிழல், காக்கையிடமிருந்தும் செண்பகப் பறவையிடமிருந்தும் மறைப்பு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கிதான் வேண்டும் என்பதில்லை.

அடுத்த இதழில் அந்தப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள். வாசகர் அனுப்பும் பறவைப் படங்களுக்குக் கீழே ஊர், தேதியோடு, பாட்டுப் போட்டு வரவழைத்ததா இல்லையா என்பதையும் கேட்டு அச்சிடுங்கள். கூட்டுப் படங்களை மட்டும் வாங்கவே வேண்டாம். என் குண்டுக்கரிச்சான் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் தூரம்தான், வால் நுனியை ஒரு முருங்கை இலை மறைக்கிறது. அலகு மட்டும் நன்றாகத் திறந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்.