நாலரை வண்டியும் ஒரு சாவிக்கொத்தும்

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன், பேச வந்த விஷயம் அப்படியே நின்றுபோகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதோடு ஒரு பத்திரமும் வைத்திருக்கிறேன். முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

போன ஞாயிறு நீ, "எதையும் விக்காதீங்கம்மா, வண்டியெல்லாம் ஷெட்டுல நின்னா அப்பா இருக்கிற மாதிரியே இருக்கும்" என்றாய். உன் அண்ணனோ, "மொத்தமா ஒரே ஆளுக்குக் குடுத்துருங்க, தலைவலி தீரும்" என்கிறான். இரண்டு பேரும் நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் அப்பாவின் பழைய கார்கள், ஹெரால்டும் மைனரும் ஃபியட்டும் அம்பாசடரும் ஹில்மனும், எப்படிக் கிடக்கின்றன என்று இரண்டு பேரும் ஷெட்டைத் திறந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அப்பா போய் இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு அந்தப் பக்கம் போகவே தெம்பு வந்தது. கதவைத் திறந்ததும் எலி வாடை. ஹெரால்டின் பின் சீட்டைக் குதறி, தேங்காய் நாரை இழுத்துப்போட்டுக் குட்டி போட்டிருந்தது. மைனரின் டயர்கள் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஃபியட்டின் கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டினார் மெக்கானிக் பாய். உள்ளே பிசின் மாதிரி படிந்திருந்தது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்களாம். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸைத் தின்றுவிடும் என்றார். அம்பாசடரைத் தள்ளிப் பார்த்தால் அசையவில்லை. ஹேண்ட் பிரேக் போட்டே கிடந்ததில் பிரேக் ஷூ டிரம்மோடு பிடித்துக்கொண்டது.

அப்பா ஒருநாளும் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியதில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். சக்கரத்துக்கு அடியில் செங்கல்தான். அப்பாவை எடுத்த அன்றைக்குப் பந்தல் போட இடம் வேண்டும் என்று யாரோ வண்டிகளை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். தள்ளிவிட்டு, நல்ல எண்ணத்தில், ஒவ்வொன்றுக்கும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு வண்டியையும் இருபது நிமிஷம் ஓடவிட்டு, மாதம் ஒருதரம் பேரூர் வரை ஓட்டிப்போய் வருவாரே, அதை நான் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை ஞாயிறு இட்லி ஆறிப்போனதற்குச் சண்டை போட்டிருக்கிறேன்! மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரி வேலை அது என்று இப்போதுதான் புரிகிறது.

அப்புறம் சித்தப்பா பையன் செய்த கூத்து. பாவம், உதவி செய்கிறேன் என்று புது பேட்டரி வாங்கி வந்து மைனருக்கு மாட்டினான். எந்த வண்டிக்கும் மாட்டுகிற மாதிரி மைனஸைப் பாடியோடு சேர்த்தான். அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்களில் பாடியோடு சேர வேண்டியது பிளஸ்ஸாம். வண்டி என்னவோ ஸ்டார்ட் ஆனது. கொஞ்ச நேரத்தில் ஒரு புகை, ஒரு கருகல் வாடை, ரெகுலேட்டர் போய்விட்டது. பையன் வெளிறிப்போய் நின்றான். இதை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று தேடினேன். இல்லை. அவர் தலைக்குள் இருந்தது. எந்த டப்பாவில் இருப்பது எந்த வண்டியின் பாயிண்ட் செட், சென்னை புதுப்பேட்டையில் அலைந்து வாங்கிய அந்த டைனமோ எதற்கு, எல்லாமே அவர் தலைக்குள்தான்.

எழுதி வைத்தது செலவுக் கணக்கு மட்டும். அந்த நோட்டைப் படித்தேன். "மைனர், கிராங்க் கிரைண்டிங்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே "வளையல் திருப்ப வேண்டும்" என்று ஒரு வரி. அடகுக்குப் போன என் இரண்டு பவுன் வளையல்! அடுத்த பக்கத்திலும் "வளையல் திருப்ப வேண்டும்". இப்படியே பதினோரு பக்கம். பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த வரி இல்லை. திருப்பவும் இல்லை, எழுதவும் இல்லை. நான் சிரித்தேன், அம்மிணி. தனியாக உட்கார்ந்து அப்படிச் சிரித்தேன்.

சரி, தாள்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் இறந்தால் அவர் வண்டியை யார் வைத்துக்கொள்கிறார்களோ அவர்கள் முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டுமாம். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டுமாம். முப்பது நாளில் எனக்குக் கிழமையே தெரியவில்லை. 2021க்குப் பிறகு வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யிலேயே நாமினி பெயர் சேர்க்கலாம் என்றும் வந்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போது செய்கிற வேலை அது, நம் வீட்டில் யார் செய்தார்கள்?

அம்பாசடரும் ஃபியட்டும் அப்பா பெயரில் இருக்கின்றன. அதுவரை நல்லது. வாரிசு சான்றிதழில் நான், நீ, அண்ணன், அப்பத்தா நான்கு பேர். மகன் சொத்தில் தாய்க்கும் சம பங்கு உண்டு என்பதால் அப்பத்தாவுக்கு ஒவ்வொரு வண்டியிலும் கால் பங்கு. விவரம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு அந்த ஆரனைக் கழட்டிக் குடு, போதும்" என்றது.

மைனர் இன்னும் உன் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, பெயரில் இருக்கிறது! நாற்பது வருஷமாக மாற்றவே இல்லை. அப்படியானால் அதில் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் பங்கு உண்டு. ஹெரால்டு அதைவிட மோசம். அது வால்பாறை எஸ்டேட் டாக்டர் ஒருவர் பெயரில் இருக்கிறது. வாங்கும்போது பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவரிடம் கையெழுத்து வாங்கி, தேதி போடாமல் ஃபைலில் வைத்துக்கொண்டார் உங்கப்பா. டாக்டர் இறந்து பல வருஷம் ஆகிறது. அந்தத் தாளுக்கு இப்போது என்ன மதிப்பு? ஹில்மனுக்கு ஆர்.சி.யே கிடையாது. அதைத்தான் அரை வண்டி என்று சொல்கிறேன். எஞ்சின் ஒரு மூலை, கதவுகள் பரண் மேலே, மீதி தார்பாய்க்கு அடியில்.

ஐம்பது வருஷம் தாண்டிய, பெரிதாக எதையும் மாற்றாத வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 'வி.ஏ.' வரிசையில் நம்பர், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, இதற்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஹில்மனை முடித்து இப்படிப் பதியலாமே என்று பாய் சொன்னதற்கு உங்கப்பா கேட்டது, "ஒரு கல்யாண வீட்டுக்குப் போக முடியாதுன்னா அது என்ன காரு?"

கருமாதிக்கு முன்னாடியே புரோக்கர் வந்துவிட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உட்கார்ந்து, காபி குடித்து, எழுந்து போகும்போது, "ஷெட்டை ஒருதரம் பார்க்கலாங்களா?" என்றார். அப்புறம் நாலரை வண்டியும் சாமான் டப்பாக்களும் சேர்த்து மூன்று லட்சம் என்றார். பாயிடம் சொன்னேன். "அம்மா, டப்பாவில் இருக்கிற சாமானே அந்தக் காசு பெறும். வண்டியை உடைச்சு பம்பர் ஒருத்தனுக்கு, கண்ணாடி ஒருத்தனுக்குன்னு விப்பாங்க" என்றார். இன்னொருவர் சினிமாவுக்கு வாடகைக்கு விடப்போகிறாராம், நல்ல விலை சொன்னார். ஆனால் பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு என்றால் எப்போது? அந்த வண்டி யார் மேலாவது மோதினால் கோர்ட்டு தாள் யார் வீட்டுக்கு வரும்? வேண்டாம் என்றுவிட்டேன்.

இதில் சித்தப்பா வேறு. உங்கப்பாவின் ஃபைலில் ஒரு செய்தித்தாள் துண்டு இருந்தது. பிரான்சில் ரோஜர் பய்யோன் என்று லாரி போக்குவரத்துத் தொழில் செய்த ஒருவர், மியூசியம் வைக்கும் கனவில் பழைய கார்களாக வாங்கிக் குவித்தாராம். 1970களில் தொழில் நொடித்து ஒரு பகுதியை விற்றுவிட்டு, மீதியைக் கொட்டகைகளில் அப்படியே விட்டார். பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் அவை வெளியே வந்தன. 2015 பிப்ரவரியில் பாரிசில் ஏலம். பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த 1961ஆம் வருஷத்து ஃபெராரி ஒன்று மட்டும் 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்குப் போனது. இதைப் படித்ததிலிருந்து சித்தப்பா ஷெட்டைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. அது ஃபெராரி, நம்முடையது அம்பாசடர் என்று நான் எத்தனை தரம் சொல்வது? 2014 வரைக்கும் செய்துகொண்டிருந்த வண்டி அது.

அந்தத் துண்டோடு இன்னொரு கதையும் அப்பா சொல்லுவார், நீ கேட்டிருப்பாய். அமெரிக்காவில் ரீனோ என்கிற ஊரில் பில் ஹாரா என்று சூதாட்ட விடுதி முதலாளி. அவரிடம் 1,400 கார்கள் இருந்தன. 1978இல் இறந்தார். இரண்டு வருஷத்தில் கம்பெனி வேறொரு ஓட்டல் நிறுவனத்தின் கைக்குப் போனது. அவர்களுக்குக் கார்கள் எதற்கு? 1984லிருந்து ஏலம் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்கள் கூச்சல் போட்டதில் 175 கார்கள் மட்டும் தானமாகக் கிடைத்து, 1989இல் அங்கே ஒரு மியூசியம் ஆனது. "அவ்வளவு காசு இருந்தவனுக்கே எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சுச்சு" என்று இவர் சொல்லும்போது நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருப்பேன். தன்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று தோன்றவே இல்லை.

மியூசியத்துக்குக் கொடுக்கலாமா என்று நானும் நினைத்தேன். அவிநாசி ரோட்டில் இருக்கிற ஜி.டி. கார் மியூசியத்துக்கு அண்ணன் வந்திருந்தபோது போய்ப் பார்த்தோம். ஜி.டி. நாயுடு இறந்தது 1974இல், மியூசியம் திறந்தது 2015இல். நடுவில் 41 வருஷம். இடமும் காசும் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்த பெரிய குடும்பம் அது. இங்கே நான் ஒருத்தி, முட்டி வலியோடு. இன்னொன்றும் தோன்றியது. அங்கே வண்டிகளுக்கு அடியில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. நம் வாசலில் உங்கப்பா வரைந்த ஆயில் கோலத்தை முப்பத்தைந்து வருஷம் தேய்த்தவள் நான். எனக்கு அந்தச் சுத்தம் பிடிக்க வேண்டும், பிடிக்கவில்லை.

அதனால் நானாக முடிவு செய்துவிட்டேன். கோபப்படாதே.

ஹில்மனைப் பாய்க்குக் கொடுத்தாயிற்று. காசு வாங்கவில்லை. அவர் பிரித்துத்தான் விற்பார், தெரிந்தேதான் கொடுத்தேன். அந்தச் சாமான்களால் எங்கேயோ இரண்டு ஹில்மன் ஓடும்.

அம்பாசடருக்குப் பொள்ளாச்சியில் ஒருவர் வந்தார், தென்னந்தோப்புக்காரர். விலை குறைவாகத்தான் சொன்னார். ஆனால் ஏறி உட்கார்ந்ததும் முதலில் சீட்டைத் தன் உயரத்துக்குத் தள்ளிக்கொண்டார். தினமும் தோப்புக்கு ஓட்டுவாராம். பெயர் மாற்றிய பிறகே சாவி என்று சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார். ஹாரன் இல்லாமல் விற்கிறோம் என்பதையும் சொல்லிவிட்டேன்.

மைனரை சித்தப்பா பையனுக்குக் கொடுப்பதாக எல்லோரும் பேசி முடித்திருக்கிறோம். அத்தைதான் கொஞ்சம் அடம் பிடித்தாள், கல்யாணமாகி அந்த வண்டியில் போனவளாயிற்றே. ரெகுலேட்டரைக் கருக்கிய அன்றிலிருந்து பையன் ஞாயிறு தவறாமல் வருகிறான். பாயிடம் உட்கார்ந்து ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டுகிறான். என் இட்லி மறுபடியும் ஆறிப்போகிறது.

ஹெரால்டு இப்போதைக்கு நிற்கும். டாக்டரின் மகள் குன்னூரில் இருப்பதைக் கண்டுபிடித்துப் பேசினேன். மெட்ராஸ் பக்கம் வண்டலூரில் செய்த வண்டி என்று அவர் அப்பாவுக்கு அதன் மேல் தனிப் பெருமையாம். முன்பக்கம் முழுக்க ஒன்றாகத் தூக்கித் திறக்குமே, நீ சின்னதில் "முதலை வாய்" என்பாயே, அந்த அம்மாவும் சின்னதில் அப்படித்தான் சொல்வாராம். கையெழுத்துப் போட வருகிறேன், அதற்கு முன்னால் ஒருதரம் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். சீட்டைத் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

மிச்சம் ஃபியட். நீ ஓட்டப் பழகியது அது. ஸ்டியரிங்கோடு இருக்கிற அந்தக் கியரைப் போடத் தெரியாமல் பேரூர் ரோட்டில் நடுவில் நின்று அழுதாயே. உனக்கு வேண்டும் என்றால் உனக்குத்தான். ஆனால் நிற்க வைக்கத்தான் என்றால் தரமாட்டேன். நீ வருகிற வரைக்கும் யாராவது ஓட்டட்டும், ஓட்டுவதற்கு ஒரு ஆளை நீயே சொல்.

வைத்திருக்கும் பத்திரம் ஆட்சேபணை இல்லை என்பதற்கு. டொரொண்டோவில் இருக்கிற நம் துணைத் தூதரகத்தில் அவர்கள் முன்னால் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, கூரியரில் அனுப்பு. அம்பாசடர், ஃபியட் இரண்டுக்கும் தனித்தனி தாள், பார்த்துக்கொள். மைனருக்கு அண்ணன் தனியாக எழுதச் சொல்லியிருக்கிறான், அது அடுத்த தபாலில்.

இன்னொரு விஷயம். சாவிக்கொத்தில் இருபத்து மூன்று சாவி இருக்கிறது. பாயும் பையனும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டார்கள், ஃபியட்டின் டிக்கி மட்டும் திறக்கவில்லை. உடைக்க வேண்டாம் என்றேன். நீ பள்ளிக்கூடம் போகும்போது பையை அதில்தானே வைப்பாய், அப்பா எங்கேயிருந்தோ எடுத்துத் திறந்துகொடுப்பாரே. அந்தச் சாவியை எங்கே வைப்பார், அம்மிணி?

அன்புடன்,
அம்மா