மின்னணு விமானிப் பதிவேட்டுச் செயலி: தேர்ந்தெடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். விமானிகள் தங்கள் பறத்தல் நேரத்தைப் பதிந்துவைக்கும் செயலிகளில் எதைப் பார்த்து வாங்குவது என்பது பற்றிய குறிப்பு இது. வணிக விமானி உரிமத்துக்கு டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) கேட்கும் 200 மணி நேரத்தில், தலைமை விமானியாக 100 மணி, கருவிவழிப் பறத்தல் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது) 10 மணி, இரவுப் பறத்தல் 5 மணி எனத் தனித்தனியே கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால், இவற்றைத் தனி நெடுவரிசைகளில் கூட்டித் தராத செயலியை மாணவர்கள் வாங்க வேண்டாம்.

நேரத்தை மணி, நிமிடமாகவே சேமிக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1 மணி 20 நிமிடத்தை 1.3 மணி (அதாவது 1 மணி 18 நிமிடம்) என்று சுருக்கும் செயலியில் ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் போய்விடும். அப்படி நூறு பறத்தல்கள் என்றால் 3 மணி 20 நிமிடம். வாடகை விமானத்தில் அது எவ்வளவு பணம் என்பது பெற்றோருக்குத் தெரியும்.

விமான நிறுவனங்களில் பணியாற்றுவோருக்குப் பணிப்பட்டியலை நேரடியாக உள்வாங்கும் வசதியும், யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் பதியும் வசதியும் முக்கியம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே செல்வதால் நள்ளிரவுப் பறத்தல்களில் தேதியே மாறிவிடும்.

எந்தச் செயலியாயினும், முழுப் பதிவையும் சிஎஸ்வி கோப்பாக (எந்த அட்டவணை மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய கோப்பு) வெளியே எடுக்க முடிய வேண்டும். தனியார் செயலி இருந்தாலும் டிஜிசிஏவின் இணையச் சேவைத் தளமான இ-ஜிசிஏவின் மின்பதிவேட்டில் பதிவதை நிறுத்திவிடாதீர்கள்.