காவல் அதிகாரிகளின் மின்னிலக்கத் தடங்களைப் பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற காவல் அதிகாரி, ஈசூன்

பெறுநர்:
மாண்புமிகு உள்துறை அமைச்சர், உள்துறை அமைச்சு, சிங்கப்பூர்

பொருள்: செயலிகள், கருவிகள் வழியாகக் காவலர்களின் வீடும் பணியும் வெளிப்படுவதைத் தடுத்தல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகனும் என்னைப் போலவே காவல்துறையில் இருக்கிறான். சீருடையோடு எங்கள் புளோக்கின் மின்தூக்கியில் ஏறமாட்டான், அத்தனை கவனம். ஆனால் நாள்தோறும் விடியற்காலையில் ஓடுவான். சென்ற மாதம் அவனுடைய ஓட்டச் செயலிக் கணக்கை என் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். நண்பராகச் சேரக்கூடத் தேவைப்படவில்லை. அவன் ஓடிய பாதையைக் காட்டும் சிவப்புக் கோடு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தொடங்கியது. வேலை நாள்களில் அவன் பணியிட வாசலில் முடிந்தது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் எனக்கே பத்து நிமிடம்தான் ஆயிற்று. மிரட்டுவதற்காகக் கதவில் சாயம் ஊற்ற வீடு தேடும், சட்டவிரோதமாக வட்டிக்கு விடும் கடன்முதலையின் ஆளுக்கு அதுகூட வேண்டாம்.

இது புதிய ஆபத்தன்று. ஓட்டச் செயலி நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம், பயனாளர்கள் ஓடிய பாதைகளைத் தொகுத்து 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வரைபடத்தில் யார் பெயரும் இல்லை. ஆயினும் 2018 ஜனவரியில், பாலைவனத்தில் ஒளிர்ந்த ஓட்டக் கோடுகளைக் கொண்டே ராணுவ முகாம்களை அடையாளம் கண்டுவிட்டார்கள்.

மாறுவேடத்தில் போகும்போது நாங்கள் காலணியையும் மாற்றிக்கொள்வோம். சீருடைக் காலணியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்று அந்த வேலையை புளூடூத் செய்கிறது. பல கருவிகள் தம் அடையாள எண்ணான முகவரியை இடைவிடாமல் ஒலிபரப்புகின்றன. அதைத் தற்செயல் எண்ணாக மாற்றி மறைக்காவிட்டால், அதன் முன்பாதி, தயாரித்த நிறுவனம் எது என்று சொல்லிவிடும். காவல் கருவிகளை மட்டுமே தயாரிக்கும் நிறுவனமாக அது இருந்தால் வேறென்ன மறைக்க இருக்கிறது?

துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டம், தனிப்பட்ட விவரங்களைத் தீய நோக்கத்துடன் வெளியிடுவதை 2020 முதல் குற்றமாக்கியிருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் வெளியிட்ட பிறகே அதற்கு வேலை. ஓசையின்றிச் சேகரித்து வைத்திருப்பவனை அந்தப் பிரிவு எட்டாது.

ஆகவே, தேசியச் சேவையாளர்கள் உட்பட, புதிதாகச் சேரும் ஒவ்வொருவரின் கைத்தொலைபேசி, கைக்கடிகார அமைப்புகளையும் பயிற்சியின் முதல் வாரத்திலேயே உடன் அமர்ந்து சரிசெய்ய வேண்டும். சுற்றறிக்கை போதாது, அவற்றை நாங்கள் எப்படிப் படித்தோம் என்பது எனக்குத் தெரியும். கருவிகளை வாங்குமுன் அவை எதை ஒலிபரப்புகின்றன என்று சோதிக்க வேண்டும். காவலர் கேட்டால் அவருடைய இருப்பிடத் தரவை நிறுவனங்கள் உடனே அழிக்க வழிசெய்ய வேண்டும்.

சாலையில் பணியிலிருக்கும் காவலரைப் பொதுமக்கள் படமெடுப்பதைத் தடுக்கச் சொல்லவில்லை. அது எங்களை ஒழுங்காக வைத்திருந்தது.

மகன் தன் கணக்கை மறைத்துவிட்டான். அவனோடு ஓடும் மூவரின் கோடுகள் இன்று காலையும் தெரிந்தன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காவல் அதிகாரி